அஸ்கலேவுக்குக் கிடைத்த அடுப்படி

பெய்ரூத்திலிருந்து திரும்பி வந்து மாதங்கள் ஆகியும் அஸ்கலேவின் களைப்பு தீரவில்லை. தூங்கித் தீர்க்கிற களைப்பாக இருந்தால் முதல் வாரத்திலேயே தீர்ந்திருக்கும். பதினெட்டு வருஷம் பிறத்தியார் வீட்டுத் தரையைத் துடைத்து ஓடாய்த் தேய்ந்த உடம்பு அது. இங்கே சொந்த ஊரான தெப்ரே பிர்ஹானில் கம்பளியைப் போர்த்தி மெத்தையில் படுத்தாலும், விடிவதற்கு முன்னால் யாரோ மணியடித்துக் கூப்பிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகுதான் உறைக்கும், செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது என்று.

வீடு தம்பி தெஸ்ஸேமாவுடையது. கூரைத் தகரம், சிமெண்டுத் தரை, கூடத்து சோபா எல்லாம் அஸ்கலே அனுப்பிய பணத்தில் வந்தவை. அதை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. அதுதான் தொல்லையாகப் போயிற்று. மறந்து தொலைத்திருந்தால், "போய் ஒரு குடம் தண்ணி பிடிச்சுட்டு வா" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள். தம்பி மனைவி மென்பெரே அவளைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அடுப்படி வாசலில் அஸ்கலேவின் நிழல் விழுந்தாலே போதும், கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவாள்.

"ஐயோ, நீங்க எதுக்கு அண்ணி இந்தப் புகையில? நீங்க பட்டதெல்லாம் போதாதா? போய் உக்காருங்க, காபி கொண்டாரேன்."

அஸ்கலே போய் உட்காருவாள். சோபாவின் மேல் சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. அதன் மேல் அவளும் கடையிலிருந்து வந்து பிரிக்காமல் வைத்த சாமானைப் போல இருப்பாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கரி படிந்த அடுப்படியில், வெளியே போ என்று யாரும் சொல்லாமல், தன் பாட்டுக்கு நிற்க வேண்டும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இனிமேல் அமையப் போவதும் இல்லை. கூடத்தில் உட்கார வைத்துக் காபி கொடுக்கப்படுகிறவள் எத்தனை நாள் இருந்தாலும் விருந்தாளிதான். விருந்தாளி என்றைக்காவது கிளம்பித்தானே ஆக வேண்டும்? தம்பி ஒருநாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை போயிட்டு வர முடியுமா?" என்று கேட்டுவிடுவானோ என்ற பயம் அவளை விட்டுப் போகவில்லை.

இதில் இன்னொரு சங்கடம், அவளுக்குச் சொந்த ஊர்ச் சமையல் தெரியாது. பத்தொன்பது வயதில் விமானம் ஏறியவள். கோதுமை நொய்யையும் கறியையும் சேர்த்து அரைத்து உருண்டை பிடிக்கத் தெரியும். திராட்சை இலையில் அரிசியை வைத்து விரல் பருமனில் சுருட்டத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். புளித்த மாவில் அகலமாகச் சுடும் இஞ்செரா ஊற்றத் தெரியாது. தெருப் பெண்களுக்கு இது போதாதா? "மேடம்" என்று பட்டப் பெயர் வைத்து, குழாயடியில் சிரித்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பு தொடங்கிய புதிதில், மென்பெரே கோவிலுக்குப் போயிருந்தபோது, துணிந்து ஒருநாள் பருப்புக் குழம்பு வைத்துப் பார்த்தாள். சட்டி காய்ந்ததும் எண்ணெயை ஊற்றினாள், வெங்காயத்தைப் பொரித்தாள், தக்காளியையும் எலுமிச்சையையும் தாராளமாகப் பிழிந்தாள். எல்லாரும் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். தெஸ்ஸேமா, "நல்லாருக்கு அக்கா," என்று சொல்லிவிட்டு மிளகாய்ப் பொடி டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டான். அவன் மகள்தான் உண்மையைப் போட்டு உடைத்தாள்: "அத்தை, இது ஆஸ்பத்திரியில குடுக்கற சூப்பு மாதிரியே இருக்கு." மறுநாளிலிருந்து மென்பெரேயின் உபசாரம் இரண்டு மடங்காயிற்று. அஸ்கலே அடுப்படிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

அதனால்தான், நோன்பு பாதி கழிந்த ஒரு காலையில், உள்ளேயிருந்து, "அண்ணி! இங்க வாங்க, இந்த வெங்காயத்த உரிங்க," என்று குரல் வந்தபோது அவள் காதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

முறத்தில் மலையாகச் சிவப்பு வெங்காயம். உரித்தாள், பொடியாக அரிந்தாள். அடுப்பில் மண்சட்டி ஏறியதும் வழக்கம்போல் கை எண்ணெய்க் குப்பியைத் தேடியது. மென்பெரே அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எண்ணெய் எதுக்கு இப்ப? வெறும் சட்டி. வெங்காயம் தன் தண்ணியிலயே வேகட்டும். ஒட்டுச்சுன்னா ஒரு கை தண்ணி தெளிச்சு விடுங்க. கிண்டறத மட்டும் நிறுத்தாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"வெங்காயம்னு கண்ணுக்குத் தெரியாம போற வரைக்கும்."

"கை விட்டுப் போயிடும்டி."

"போகட்டும். கையோட இருந்து என்ன பண்ணப் போறீங்க, சோபாவுல?"

அஸ்கலே திரும்பிப் பார்த்தாள். மென்பெரே அவளிடம் இப்படிப் பேசியதே இல்லை. கண்ணில் வெங்காய நீர் வழிய, அஸ்கலே சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து பாடம் நடந்தது. மென்பெரே நல்ல வாத்தியார் என்று சொல்ல முடியாது. பொறுமை கிடையாது, சொன்னதை மறுபடி சொல்ல மாட்டாள், பின்னாலேயே யாரோ துரத்துகிற மாதிரி ஓட்டினாள். இஞ்செரா மாவு எப்போது புளித்து எப்போது அடங்கும், அடங்கியதும் மேலே தெளிந்து நிற்கும் நீரை எவ்வளவு வடிப்பது, களிமண் கல்லை எப்படித் துடைப்பது, யூகலிப்டஸ் விறகை எங்கே இழுத்து எங்கே தள்ளுவது என்று ஒரே மூச்சில் கொட்டினாள். அஸ்கலே மாவை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்குக் கொண்டுவருவதற்குள் ஒரு பக்கம் தடித்துவிடும், இன்னொரு பக்கம் கிழிந்துவிடும். மேலே சின்னச் சின்னத் துளையாகக் கண் விழவே விழாது.

"இது என்ன அண்ணி, இஞ்செராவா எருமைத் தோலா? செருப்புத் தைக்கக் குடுத்துடலாம்."

"உன் வாயில முதல்ல தையல் போடணும்."

வசவு வாங்க வாங்க அஸ்கலேவுக்கு மனசு லேசாயிற்று. சந்தோஷம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சந்தோஷப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! தோள்பட்டை குடைந்தது, புகையில் கண் எரிந்தது, பழைய முழங்கால் வலி திரும்பி வந்தது. ஆனாலும் இது தன் வீட்டு வலி என்று நினைத்துக்கொண்டாள். சில நாள் மென்பெரே, "பஜார்ல ஒரு வேலை இருக்கு, மத்தியானச் சாப்பாட்ட நீங்களே பாத்துக்கங்க," என்று சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். தன் மேல் அத்தனை நம்பிக்கை வந்துவிட்டதா என்று அஸ்கலேவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவளுடைய கடலைமாவுக் குழம்பைத் தெஸ்ஸேமா ஒருநாள் வழித்துச் சாப்பிட்டான், மிளகாய்ப் பொடி டப்பாவைத் தொடவில்லை.

நோன்பு முடியும் சனிக்கிழமை வந்தது. விடிந்தால் ஈஸ்டர். தெஸ்ஸேமா கிழக்குப் பார்த்து நின்று கோழியை அறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான். பிள்ளைகளைக் கோவிலுக்கு அனுப்பியாயிற்று. அடுப்படியில் இரண்டு பெண்கள் மட்டும்.

"இன்னிக்கு நான் கை வைக்க மாட்டேன்," என்றாள் மென்பெரே. "பன்னண்டு துண்டு. எலும்ப உடைக்கக் கூடாது, மூட்டுப் பாத்துப் பிரிக்கணும். பதினொண்ணு வந்தா ஊரு சிரிக்கும்."

அஸ்கலே பிரித்தாள். பன்னிரண்டு வந்தது. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிகிற வரைக்கும் கழுவினாள். வெங்காயம் கரைந்து கூழானதும் வாசனை போட்டு உருக்கிய வெண்ணெயை விட்டாள், மிளகாய்ப் பொடியைத் தூவிக் கிண்டினாள், அது கறுஞ்சிவப்பாகத் திரும்பியதும் கோழியை இறக்கினாள். ஐம்பது நாளுக்கு மேல் கறி, பால், வெண்ணெய் எதையும் காணாத வீட்டில் அந்த மணம் கிளம்பியதும் மென்பெரேகூட ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அது நடந்தது. அஸ்கலே கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து ஊதினாள், உள்ளங்கையில் விட்டாள், நக்கினாள். விழுங்கியும் விட்டாள். தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான், செய்த காரியம் அவளுக்கே தெரிந்தது.

நோன்பு முறிந்துவிட்டது. அதுவும் கடைசி நாளில், கோழிக் குழம்பால். பண்டிகைக்குக் குழம்பு வைக்கிற எந்தப் பெண்ணும் வாயில் வைக்க மாட்டாள். மூக்கை வைத்தே உப்பு பார்த்துவிடுவார்கள். கரண்டியைப் பிடித்தபடி அஸ்கலே அப்படியே நின்றாள். போச்சு, இந்த அடுப்படியும் போச்சு என்றுதான் முதலில் தோன்றியது, கடவுள்கூட அப்புறம்தான்.

மென்பெரே திட்டவில்லை. முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அங்க நோன்பு இருக்க விட மாட்டாங்களா அண்ணி?"

"எங்க விடறது? எத வச்சாலும் மேடம் முன்னாடி நான் முதல்ல வாயில வச்சுக் காட்டணும். எதையாவது கலந்துட்டேன்னா? கை தானா போயிடுச்சு, மென்பெரே. சத்தியமா தெரிஞ்சு செய்யல."

"அது பரவால்ல. பாதிரியார்கிட்ட சொன்னா கேட்டுக்குவார். படுக்க தனி எடம் குடுப்பாங்களா?"

"எனக்கு அடுப்படியிலதான் பாய்."

"பிள்ளைங்ககிட்ட போன்ல பேச விடுவாங்களா?"

"எனக்கேது பிள்ளை? நீ எதுக்கு இதெல்லாம்..."

பாதியில் நிறுத்தினாள். கோழி கழுவியபோது தண்ணீர் ஊற்றிக் கொடுத்த மென்பெரே சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தாள். முழங்கையின் உள்பக்கம் ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது. அஸ்கலேவும் ஒரு காலத்தில் அதே இடத்தில் ரத்தம் கொடுத்தவள்தான். கையில் ரத்தம் எடுத்து, மார்பில் படம் எடுத்து, உடம்பு நன்றாக இருக்கிறது என்று முத்திரை குத்திய பிறகுதான் வெளிநாட்டு வேலைக்கு ஆளைச் சேர்ப்பார்கள். பஜாரில் என்ன வேலை என்பது இப்போது விளங்கியது. இந்த அவசரப் பாடம் எதற்கென்பதும் விளங்கியது.

"எப்ப?"

"பண்டிகை கழிஞ்சு ரெண்டாம் வாரம்."

"தெஸ்ஸேமாவுக்குத் தெரியுமா?"

"அவர்தான் ஏஜென்டுகிட்ட கூட்டிட்டுப் போனார்." மென்பெரே சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள். "உங்கமேல எனக்குக் கோவம் இல்ல அண்ணி. நீங்க வந்ததுக்கப்பறம் வீடு ஓடல, அவ்வளவுதான். ஆட்டோவுல என்ன வருது? பிள்ளைங்களுக்கு யாராவது ஆக்கிப் போடணுமேன்னுதான் உங்கள இந்தப் பாடு படுத்தினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா, நீ இரு, நான் போறேன்னு கெளம்பிடுவீங்க. உங்களத் தெரியாதா? அவரும் அதான் சொன்னார். உங்க உடம்பு இனி தாங்காதுன்னு."

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நீ இரு, நான் போறேன். அஸ்கலே அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். மென்பெரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சொல்லச் சொல்லி அல்ல, சொல்லிவிடுவாளோ என்று. அஸ்கலே வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டோம் என்று தெரிந்தபோது அவளுக்குக் கூசிற்று. கூச்சத்துக்கு அடியில், நாம் போக வேண்டியதில்லை என்ற நிம்மதியும் இருந்தது. அதை நினைத்து இன்னும் கூசிற்று.

ஆசைப்பட்ட அடுப்படி கிடைத்துவிட்டது. இதற்குமேல் வெளியே போ என்று சொல்ல ஆளே இல்லை.

மென்பெரேதான் முதலில் தேறினாள். "சரி, இப்ப நீங்க வாத்தியார். அங்க என்னென்ன சமைப்பாங்க? அந்த இலைல சுருட்டறத சொல்லிக் குடுங்க, போனதும் நல்ல பேர் வாங்கிடறேன்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"நல்ல பேரே வாங்காத." அஸ்கலே விறகை வெளியே இழுத்துத் தணலைக் குறைத்துவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "கைப்பக்குவம் தெரிஞ்சுதோ, உன்ன விடவே மாட்டாங்க. இவள விட்டா யாரு சமைப்பான்னு ஒப்பந்தம் முடிஞ்சாலும் பாஸ்போர்ட்ட குடுக்க மாட்டாங்க. எங்கம்மா செத்த சேதி வந்தன்னிக்கு அந்த வீட்டுல கல்யாண விருந்து. நான் இலை சுருட்டிக்கிட்டு இருந்தேன். சுருட்டி முடிச்சேன். சமைக்கத் தெரியாதுன்னு சொல்லு. தரை துடைப்பேன், துணி துவைப்பேன், அவ்வளவுதான்னு சொல்லு. வைவாங்க. வையட்டும். ரெண்டு வருஷத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

மென்பெரேயின் கோழிக் குழம்புக்காகவே சொந்தக்காரர்கள் மலை ஏறி வருவார்கள். ஊரே மெச்சிய கைக்காரி அவள். அடுப்பைப் பார்த்தபடி, சொல்லிப் பார்த்தாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது, மேடம்."

"இன்னும் மெதுவா," என்றாள் அஸ்கலே. "தலையக் குனிஞ்சுக்கிட்டு சொல்லு."