இடப்பக்கம் விழுந்த குண்டு

எண்பதுகளில் மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சுழன்றபடி பறக்கும் பீரங்கிக் குண்டை, அதன் மூக்கில் பொருத்திய சிறு துடுப்புகளால் வழியிலேயே திருப்ப முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. தல்லாகுளத்து வீட்டில் மேசை முழுக்க அந்தப் படங்கள்தான் கிடக்கும்.

திருவாதவூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஒரு நாள் அதில் ஒன்றைக் கையில் எடுத்தார். பீரங்கிப் படையிலிருந்து திரும்பி விவசாயம் பார்த்துவந்தவர். போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

"பாப்பா, இது சுத்திக்கிட்டே போகையில ஒரு பக்கமா ஒதுங்கும்ல?"

"ஆமா சித்தப்பா, வலப்பக்கம். அதுக்குத்தான் பீரங்கிய முன்னாடியே கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வச்சுச் சுடுவாங்க."

"அந்தத் திருப்பி வைக்கிற வேலை என்னுது."

பிறகு மெதுவாகச் சொன்னார். போரில் அவருடைய பீரங்கி சுட்ட ஒரு குண்டு குறி தவறி நம் ஆட்கள் மேலேயே விழுந்திருக்கிறது. செத்துப்போனவர் சமயநல்லூர்க்காரர், இவருடைய கூட்டாளி.

"நான்தான் திருப்ப மறந்துட்டேனோன்னு..."

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"இடது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மறந்திருந்தா வலப்பக்கம்ல விழுந்திருக்கும்! நீங்க மறக்கல."

அவர் முகம் தெளியவில்லை. "ரெண்டு தடவை திருப்பியிருந்தா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. "காத்தா இருக்கும் சித்தப்பா," என்றேன். அன்று அங்கே எப்படிக் காற்றடித்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரும் அதைக் கண்டுகொண்டார்.

"அவுங்க வீட்டுக்கு இதுவரைக்கும் போனதில்ல பாப்பா. நீ கூட வாரியா?"

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். கூட்டாளியின் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா நின்றபடியே சொல்லிவிட்டார்: "தங்கச்சி, அது எதிரி குண்டு இல்ல. எங்க குண்டு. நான் திருப்பி வச்ச பீரங்கியில இருந்து போனது."

அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார்.

"அவரு கடைசியா என்ன பேசினாருன்னு சொல்ல இத்தனை வருசமா ஒரு ஆளு வரலையேண்ணே," என்றார்.

"பிள்ளைக்கு இந்நேரம் பல்லு முளைச்சிருக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தான், அன்னிக்குக் காலையில."

அப்போதுதான் அந்த அம்மா அழுதார்.

திரும்பும்போது பஸ்ஸில், "குண்டு என்னால தப்புச்சோ இல்லையோ. வராம இருந்தது நான்தானே," என்றார் சித்தப்பா.

அதன்பின் அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை அரிசியோடு அங்கே போய்விடுவார். சில தடவை நானும் போயிருக்கிறேன். குண்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆனாலும் அந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தால் சித்தப்பா உட்காராமல் நின்றபடியேதான் வாங்கிக் குடிப்பார்.