புறங்கையால் பார்த்த சிஸ்டர்

குறிஞ்சிப்பாடி முந்திரித்தோப்பில் மச்சான் சட்டையில்லாமல் அண்ணாந்து அடித்த பூச்சிமருந்து அவர் உடம்பிலேயே விழுந்துவிட்டது. 2007-இல் நடந்தது. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே ஒரு நர்ஸ். குள்ளமான உருவம், மூக்கில் வழுக்கும் கண்ணாடி. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் மச்சானின் அக்குளில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

மூன்றாம் முறை, "காஞ்சிருக்கே" என்றவர், என் தோளில் கிடந்த துண்டைத் தொட்டார். ஈரம்.

"தொடச்சீங்களா?"

"வேர்த்துக் கொட்டுது, பாக்க முடியல சிஸ்டர்."

"அண்ணே, நரம்பு அனுப்புற சேதிய வாங்கிக்க உடம்போட ஒவ்வொரு செல்லுலயும் ஒரு எடம் இருக்கு. விஷத்தால சேதி நிக்காம வருது, அதான் இந்த வேர்வ. எங்க மருந்து போயி அந்த எடத்துல உக்காந்துக்கணும், அப்பதான் வேர்வ நிக்கும். உக்காந்துச்சான்னு இந்தத் தோலுதான் சொல்லணும், உங்க துண்டு இல்ல. நீங்க தொடச்சு காஞ்சத நம்பி மருந்தக் கொறச்சிருந்தா அவரு போயிருப்பாரு."

துண்டை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த ஊசியைப் போட்டார்.

மாலையில் என் கையைப் பிடித்து மச்சானின் அக்குளில் வைத்தார். ஓடு மாதிரி காய்ந்திருந்தது.

"இந்தாங்க, இப்ப உங்க மூஞ்சியத் தொடைங்க" என்று துண்டை நீட்டினார்.

என் முகத்து ஈரம் வேர்வையா கண்ணீரா என்று மட்டும் அவர் கேட்கவில்லை.