வயிற்றுவலி வரும் பாடம்

உடுப்பிட்டியில் நான் நாலாம் வகுப்புப் படித்தபோது எங்கள் கணக்கு வாத்தியார் வேறு யாருமல்ல, என் சொந்த மாமா. வீட்டில் அவர் பசுமாட்டைக்கூட அதட்டமாட்டார். பள்ளிக்கூடப் படலையைத் தாண்டினால் வேறு ஆள். மருமகளென்று என்னை விட்டுவிட்டால் ஊர் கதைக்குமே, அதனால் மற்றவர்களுக்கு ஒன்று விழுந்தால் எனக்கு இரண்டு விழும். அப்பாவிடம் அழுதும் பயனில்லை. என்னைச் சேர்த்தபோதே, "கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரியுங்கோ" என்று ஊர் வழக்கப்படி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

கணக்குப் பாடம் நெருங்கினால் எனக்கு வயிறு வலிக்கும். பொய்யில்லை, உண்மையாகவே வலித்தது. அம்மா ஓமம் அவித்துத் தருவார்.

அந்த வருடம் புதிய தலைமை ஆசிரியை வந்தார். வயிற்றுவலி, வீட்டுக்குப் போகவேண்டும் என்று நிற்பவர்களிடம் அவர், "இப்ப என்ன பாடம் பிள்ளை?" என்று மட்டும் கேட்பார். கணக்கு என்று நான் சொன்னதையே மற்றவர்களும் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்துத் தடிகளெல்லாம் அவருடைய அறைக்குப் போய்விட்டன. அடிக்க விரும்புகிறவர் தானே வந்து கேட்டு வாங்கவேண்டும், பிள்ளையை அனுப்பக் கூடாது என்று சட்டம் போட்டார்.

அடுத்த பாடத்திலேயே நான் ஏழாம் வாய்ப்பாட்டில் கோட்டை விட்டேன். மாமா எழுந்து போனார். அந்த அறைக்கும் வகுப்புக்கும் நடுவில் பாதிச் சுவர்தான், எல்லாம் கேட்டது.

"ஆருக்கு அடிக்க, மாஸ்ரர்?"

"என்ரை மருமகளுக்குத்தான் ரீச்சர். தேப்பனே கண்ணை மட்டும் விடச் சொன்னவர்."

"கண்ணைத் தேப்பன் கேட்டிட்டார். மிச்சத்தை ஆர் கேக்கிறது?"

தலைமை ஆசிரியையே தொடர்ந்து சொன்னார்.

"உங்கடை பாடத்துக்குத்தான் பிள்ளையளுக்கு வயித்துக்குத்து வருது. ஏனெண்டு விசாரிச்சுக்கொண்டிருக்கிறன். நீங்களும் யோசிச்சுச் சொல்லுங்கோ. தடி உதிலை கிடக்கு, வேணுமெண்டால் எடுங்கோ."

மாமா வெறுங்கையோடு வந்தார். வாய்ப்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னார். அப்பாடா என்று இருந்தது. தொண்டை கிழியச் சொன்னேன். பிறகு வயிறும் வலிக்கவில்லை. ஓமத்தின் குணம் என்றார் அம்மா.

எனக்கு அடி விழும் நாட்களில் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டார். அன்று பின்னேரம் வந்தார். அம்மாவிடம் இரண்டாந்தரமும் பிட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் தலையைத் தடவினார். அந்தத் தடியிலிருந்து அன்று தப்பியவள் நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, "மாமாவுக்கு இண்டைக்கு நல்ல பசி" என்று அம்மாவிடம் சொன்னேன்.