பரோட்டாக் கல்லுக்கு மேலே ஒரு பல்பு

என் கணவர் ரயீஸ் ஷார்ஜாவில் பெரிய கடைகளுக்கு விளக்கு மாட்டும் வேலை பார்த்தவர். ஒருமுறை விடுமுறையில் வந்தபோது எங்கள் மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "மாமா வந்திருக்காங்கம்மா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து பொம்மையைக் கொடுத்தார். இரவு, "இனிமே போக வேணாம்னு பாக்குறேன் அர்ஃபா" என்றார்.

போகாமல் இருக்க ஊரில் ஒரு பிழைப்பு வேண்டும். விசா முடிவதற்குள் அது அமைய வேண்டும்.

எல்இடி பல்பு சுடாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெளிச்சம் முன்னால் வரும், சூடு பின்னாலுள்ள தகட்டில் தேங்கும், அதை வெளியே கடத்தாவிட்டால் பல்பு மங்கிச் செத்துவிடும் என்று அவர்தான் சொன்னார். பிளாஸ்டிக் உடம்பு சூட்டைச் சரியாகக் கடத்தாது. அலுமினியம் கடத்தும், மின்சாரத்தையும் சேர்த்து. அலுமினா என்ற வெள்ளைப் பொடியை அதிகம் சேர்த்துச் சுட்ட பீங்கான் சூட்டை மட்டும் கடத்தும். பீங்கானுக்கு எங்கள் விருத்தாசலத்தில் என்ன பஞ்சம்? ஒரு யூனிட்டில் பல்பு உடம்புகளைச் சுட்டு வாங்கினார்.

அங்கே கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு போடும் விருத்தாம்பாள் அக்கா நம்பவில்லை. "பீங்கான் சூட்ட கடத்துமா? அப்ப ஒங்க வூட்டுல டீய எதுல தம்பி குடிக்கிறீங்க?"

வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரம் ஓட்டல் வைத்திருக்கும் குருமூர்த்தி, பரோட்டாக் கல்லுக்கு மேலே மாட்டிப் பார்க்கச் சொன்னார். அந்த அனலில் எந்தப் பல்பும் ஒரு மாதம் தாங்கியதில்லை. இது தாங்கினால் ஓட்டல் முழுக்க மாட்டுவதாகவும், பக்கத்து ஓட்டல்களுக்குச் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. "பாய், ஒங்க பல்புக்கு எங்க பரோட்டாவே மேலு. கருகறதுக்குக் கொஞ்சம் டைம் எடுத்துக்கும்."

அன்று மாலை ரயீஸ் பரண்மேலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் துடைத்தார். தட்டில் சோறு வைத்தேன், பாதியில் எழுந்துவிட்டார்.

காலையில், செத்த பல்புகளைத் தரையில் பரப்பிப் பிரித்தார். தகட்டைத் துடைத்துப் பீங்கான்மேல் மறுபடி வைத்தபோது அது லேசாக ஆடியது. விரலால் அழுத்தினார், ஆடியது. சட்டையை மாட்டிக்கொண்டு யூனிட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"யக்கா, தகடு ஒக்கார்ற எடத்துலயும் கிளேஸ் போட்டீங்களா?"

"போடாம? மொட்டையா வுட்டா, கொழந்தைய குளிப்பாட்டாம கண்ணாலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போன மாதிரி இருக்காதா? தெறந்து பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?"

"தெறந்து பாக்கவே மாட்டாங்கக்கா."

"அப்ப நான் எதுக்கு அவ்வளவு பாத்துப் பாத்துப் போட்டேன்?" அக்காவின் முகம் வாடிவிட்டது.

"எனக்கும் அந்தப் பளபளப்பு புடிச்சுத்தான் இருந்துச்சு" என்றார் அவர். "கிளேஸு மேடும் பள்ளமுமா நின்னுடுச்சு. நடுவுல காத்து. காத்து சூட்ட வுடாது. தகடு ஆடுதேன்னு நான் வேற சூடு கடத்துற பேஸ்ட்ட அள்ளி அப்பிட்டேன். அது கீறல் மறையிற அளவுக்கு மெல்லிசா தடவ வேண்டியது."

அக்கா ஒரு பீங்கானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானே தேச்சு எடுத்துத் தரேன். வேற யாரும் கை வைக்க வேணாம். வெளிய இருக்குறது இருக்கட்டும், இல்ல?"

"இருக்கட்டும்க்கா. அழகா இருக்குது."

வைரத்தூள் பதித்த சக்கரத்தில் உள்பக்கத்தை மட்டும் சமமாகத் தேய்த்துக் கொடுத்தார்.

புதிய பல்புகளை மாட்டிய பிறகு ரயீஸ் அடிக்கடி வேப்பூர் பஸ் ஏறினார். கல்லுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பரோட்டா தின்றபடி மேலே பார்த்துக்கொண்டிருப்பாராம். சால்னா வாசத்தோடு திரும்பி வந்து, "எரியுது" என்பார். அவ்வளவுதான். மாதம் முடிந்து அடுத்த மாதமும் எரிந்தது.

சென்னையிலிருந்து ஏஜென்ட் டிக்கெட் போடவா என்று கேட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். "வேணாங்க. இங்கியே வேல அமைஞ்சிடுச்சு" என்றார், எனக்குக் கேட்கும்படி சத்தமாகவே.

அதன்பிறகு மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தார். உப்பு குறைந்தால் சொல்வார், கூடினால் சொல்ல மாட்டார். மகள் வளர்ந்ததும் அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எங்கள் தெருவில் எத்தனையோ பெண்களுக்கு, வெளிநாட்டில் கணவன் இறந்த செய்தி போனில்தான் வந்தது. போன ரமலானுக்கு முந்தைய வாரம், அவருக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுத்தது நான். இரண்டு மடக்கு குடித்தார். போதும் என்று என் கையைத் தொட்டார்.