அக்காவின் மைக்

மகளின் பள்ளி விழாவில் யாரோ மைக்கின் பொத்தானைத் தள்ளினார்கள். அந்த ‘டிக்’ சத்தத்துக்கு என் கட்டைவிரல் தானாக அசைந்தது.

இரண்டாயிரத்து நான்கில், அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் அக்காவும் நானும் கன்ட்ரி பாட்டுப் பாடும் ஜோடி. சர்ச் பார்பெக்யூ, பொங்கல் விழா என்று எங்கே மேடை கிடைத்தாலும் அப்பா வேனில் கொண்டுபோய் இறக்குவார். கௌபாய் தொப்பிக்குள் எண்ணெய் வைத்த தலை வியர்த்து நாறும். இறைச்சிப் புகை தொண்டையில் கரிக்கும்.

பதின்மூன்று வயதில் அக்காவுக்குச் சுருதி விலகத் தொடங்கியது. ஒரு நாள் மேடைக்குப் பின்னால் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவ மைக்கை நீதானே எடுத்துக் குடுக்கற? இன்னிக்கு ஆஃப் பண்ணிக் குடு. அவகிட்ட சொல்லாத, அழுவா.”

இரண்டு வருடம் அக்கா, ஆஃபாகிக் கிடந்த மைக்கில் கண்மூடி உருகினாள். கைதட்டல் எழுந்தால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்த அங்கிள், ஆன்ட்டிகளுக்கு அப்பா எங்கள் வீடியோவைப் போட்டுக் காட்டினார். டிவியில் அக்காவின் வாய் அசைந்தது. கேட்டது என் குரல் மட்டும்.

“என் வாய்ஸ் எங்கப்பா?” என்றாள் அக்கா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அதற்குப் பிறகு பாடவேயில்லை. இன்றுவரை அப்பாவோடு பேசுவதுமில்லை. என்னோடு மட்டும் தினமும் போனில் பேசுகிறாள்.

அப்பா ஆஃப் பண்ணச் சொன்னது அந்த ஒரு நாள் மேடைக்குத்தான்.