நூல் பிசகாத தரை

மனைவி முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருந்தாள். குடவாசல் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக் குளியலறையிலோ குந்தி உட்காருகிற பழைய பீங்கான்தான். இனி அவளால் குந்த முடியாது.

"பாத்ரூம் போறதுக்குக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருக்குங்க. கூச்சமா இருக்கு" என்றாள் போனில். "நம்ம வீட்டுக்கு வந்தா நானே தனியா போகணும், தனியா வரணும். அதுக்கு வழி பண்ணுங்க." எதையும் மூன்று முறை சொல்கிறவள், இதை ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

காண்ட்ராக்டரை வரவழைத்தேன். அளந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். "இருபது நாள் கழிச்சுத்தாண்ணே ஆள் விட முடியும். மூணு வீடு பாதியில நிக்குது" என்றார். அவள் வரப்போவதோ பத்து நாளில். நானே செய்துகொள்கிறேன் என்றேன். போகும்போது திரும்பி, "தரையை மட்டுமாவது விட்டு வைங்கண்ணே, வந்து போட்டுத் தரேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தரையைச் சமன் செய்வது பற்றி எனக்கு ஒருவர் சொல்வதா? அப்பா அடுத்தவர் வயலில் பரம்படித்து, சேற்றை மட்டமாக்கிக் கூலி வாங்கியவர். நான் சொந்த வயலில் பரம்படிக்கிறவன். மேடு இருந்தால் களை மண்டும், பள்ளம் இருந்தால் நாற்று அழுகும். என் வயலில் தண்ணீர் கட்டினால் நாலு மூலையிலும் ஒரே உயரம் நிற்கும், ஊரே சொல்லும். போர்செட்டுக் குழாயெல்லாம் முப்பது வருஷமாக நானே ஒட்டுவதுதான். இதென்ன பெரிய கம்பசூத்திரம்?

நிஜமாகவே செய்தேன். பழைய பீங்கானைப் பெயர்த்தேன், வெஸ்டர்ன் வைத்தேன், பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் கம்பி அடித்தேன். டைல்ஸ் போடும்போது டியூபில் தண்ணீர் நிரப்பி நாலு மூலையிலும் மட்டம் பார்த்தேன். நூல் பிசகவில்லை. பார்க்க வந்தவர்களையும் வராதவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் வருவதற்கு முதல் நாள், இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். அலுங்காமல் பரவி, சுவருக்குச் சுவர் ஒரே உயரத்தில் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அடடா, என்ன மட்டம்! அப்புறம்தான் மூலையில் இருந்த ஓட்டையைப் பார்த்தேன். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. வயலில் தண்ணீர் நிற்க வேண்டும், குளியலறையில் ஓட வேண்டும். பத்து நாளாக இது என் மண்டையில் ஏறவே இல்லை.

அப்போதும் விட மனசில்லை. கடைக்குப் போய் ஒரு வைப்பர் வாங்கி வந்தேன். அவள் குளித்ததும் நான் போய்த் தள்ளிவிட்டால் போயிற்று. அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் நான் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். மகள் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? யோசித்துக்கொண்டே, வைப்பரால் தள்ளிப் பார்க்கச் சோப்புக் கரைத்து ஊற்றிய தண்ணீரில் நடந்தேன். கால் வழுக்கிவிட்டது. கம்பியைப் பிடித்திருக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். எனக்கு இரண்டும் நல்ல கால். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகையே வந்துவிட்டது.

முதல் போன் அவளுக்கு. "தப்புப் பண்ணிட்டேன். தண்ணி நிக்குது. இன்னும் நாலு நாள் பொறுத்துக்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "நாத்து விட்டுடலாமா?" என்றாள். சிரித்து முடித்துவிட்டு, "நாலு நாள்தானே, நல்லா போடச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த போன் காண்ட்ராக்டருக்கு. மனிதர் மறுநாள் காலையிலேயே இன்னொரு வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்தார். அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் டைல்ஸை அவர் உடைத்தபோது வயிறு எரிந்தது. ஆனாலும் கலவை குழைத்துக் கொடுத்தேன். சொரசொரப்பான டைல்ஸாகப் பார்த்து, ஓட்டைப் பக்கம் சரிவாக இறக்கிப் போட்டார். கடைசியில் சுவர்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இதை யாருண்ணே அடிச்சது?"

"நான்தான்."

"இதைத் தொட வேண்டாம்ணே."

இதைத் தெரு முழுக்கச் சொன்னேன். இன்றைக்கும் யாராவது கேட்டால், தரையை அவரிடம் விடுங்கள், மற்றதை நானே வந்து செய்து தருகிறேன் என்றுதான் சொல்வேன்.

சொன்ன நாளில் அவள் வந்தாள். வாக்கரை ஊன்றிக்கொண்டு நேரே குளியலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

"தாழ்ப்பாள் போடாதே."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம், அது ஓட்டையில் இறங்குகிற சத்தம்.

"இன்னும் அங்கதான் நிக்கிறீங்களா?" உள்ளிருந்து குரல் வந்தது.

"இல்ல, போயிட்டேன்" என்றேன். அப்புறம்தான் போனேன்.