நாத்தக்கடைத் தொப்பி

பலகையில் எழுதியிருந்த பெயர் ‘பிரின்ஸ் ஆல்ஃபிரெட்’. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டிருந்தால் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் ஒருவனும் கை காட்டியிருக்க மாட்டான். ஹெஸ்ஸல் சாலை முழுக்க அதற்கு ஒரே பெயர்தான்: நாத்தக்கடை. எதிர்ச்சாரியில் மீன் தலையையும் குடலையும் வேகவைத்து மாவாக்கும் ஆலை. கடைக்குள்ளே, பனிக்கடலில் மூன்று வாரம் மீன் அறுத்துவிட்டு வந்து குடிக்கிற ஆண்கள். நாற்றம் வெளியே அதிகமா உள்ளே அதிகமா என்று பட்டிமன்றமே வைத்திருக்கலாம்.

அந்தக் கடையைக் கழுவியவள் டோரீன். கல்யாணத்துக்கு முன்பு கையில் எடுத்த வாளியைக் கடைக்குப் பூட்டு விழுந்த அன்றுதான் கீழே வைத்தாள். இன்றைக்கு அதே இடத்தில் அந்தக் கடையின் வரலாறு என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் பாட்டு இருக்கிறது, தோழமை இருக்கிறது, வீரம் இருக்கிறது. வாந்தி மட்டும் எங்கேயும் இல்லை. டோரீனைக் கேட்டால் அந்தக் கடையின் வரலாறே வாந்திதான்.

காலையில் கதவைத் திறக்குமுன் வெளியிலேயே ஒரு மூச்சை இழுத்து நெஞ்சில் அடக்கிக்கொள்வாள். தரையில் மரத்தூள், அதில் பீரும் எச்சிலும் ஊறி, சிகரெட் துண்டுகளோடு கஞ்சியாகிக் கிடக்கும். சில நாள் பல்லும் கிடக்கும். ஒரு முறை முழுப் பல்செட்டே அகப்பட்டது. கழுவி, பீர் ஊற்றிக் கொடுக்கும் மேடைமேல் வைத்தாள். சாயங்காலம் ஒருத்தன் வந்தான், வாயைத் திறந்தான், மாட்டிக்கொண்டான், பீர் கேட்டான். நன்றி என்று ஒரு சொல் கிடையாது. கழிப்பறையைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது. சீ! குடித்தவனுக்குக் குறி தவறும், ஒப்புக்கொள்கிறோம். சுவரின் உச்சி வரைக்குமா தவறும்?

இத்தனை கண்றாவிக்கும் நடுவே அவள் ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“மூஞ்சியப் பாரு! என்ன, ரோஜாத் தோட்டத்துக்கா வேலைக்கு வந்தே?” என்பார் கடைக்காரர் ஸ்டான் ஹெசல்வுட், மாடியிலிருந்து இறங்கும்போதே.

“சுருட்டைவாலுங்க வந்து போன தொழுவத்துக்கு வந்திருக்கேன்” என்பாள் டோரீன்.

சுருட்டைவால் என்றால் பன்றி. பன்றி என்ற சொல் எங்கள் தெருவில் யார் வாயிலும் வராது. சொன்னால் கப்பல் மூழ்கும். கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். எவ்வளவு கோபத்திலும் டோரீனின் நாக்கு அந்தச் சொல்லின் ஓரம் வரை போய்த் திரும்பிவிடும்.

வில்ஃப் பிளெங்கினை அவள் கட்டிக்கொண்ட காரணம் ஊரே சொல்லிச் சிரித்த விஷயம். தான் எடுத்த வாந்தியைத் தானே துடைத்த ஒரே ஆள் அவன். காலையில் தலை கிறுகிறுக்க வந்து, அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, மண்டிபோட்டுத் துடைத்தான். “என்னோடதும்மா, நானே பண்றேன்” என்றான். அவ்வளவுதான். அந்த வருஷமே கல்யாணம்.

எங்கள் கடலோடிகளுக்கு அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் ஏறும் நாள் கடைசிக் கோப்பையை முடித்துவிட்டு, கரையில் போடும் தொப்பியை மேடைக்குப் பின்னாலிருக்கும் ஆணிப்பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலை அதை எடுத்துத் தலையில் வைப்பது. மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். இன்னொருவர் கை படக் கூடாது. நீர் படவே கூடாது. வீட்டிலும் அப்படித்தான், ஆண் கப்பல் ஏறும் நாளில் துணி துவைத்தால் அலை அவனையே கழுவிக்கொண்டு போய்விடும்.

“வீட்டுத் துணியத்தான் துவைக்கக் கூடாது. என் தரைய இல்ல. தேய்டி!” என்பார் ஸ்டான். அந்த நாட்களில் டோரீன் தரையைக்கூடப் பயந்து பயந்துதான் தேய்ப்பாள்.

வில்ஃப் போன கப்பல் ‘எலினார் ட்ரூ’. ஐஸ்லாந்துக்கு வடக்கே கொடிமரமெல்லாம் பனி உறைந்து, பாரம் தாங்காமல் கவிழ்ந்தது. ஒருத்தரும் வரவில்லை. உடலும் வரவில்லை.

“தொப்பிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க அண்ணி” என்றாள் வில்ஃபின் தங்கை மேவிஸ். “இந்த நாத்தத்துல எதுக்கு தொங்கணும்?”

“எடுத்தா நானே அவனத் தலைமுழுகின மாதிரி ஆயிடும். எடுக்க மாட்டேன். அவன் மாட்டினான், அவன் வந்து எடுக்கட்டும்.”

தொப்பி தொங்கியது. சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி, விளிம்பில் சிகரெட் சுட்ட ஓட்டை. சுவரைத் துடைத்துக்கொண்டே வருவாள், தொப்பிக்கு ஒரு சாண் முன்னால் துணி நின்றுவிடும். வாளியைத் தூக்குமுன் எக்கி நின்று அதில் மூக்கை வைப்பாள். தலைக்குப் பூசிய எண்ணெய், காட் மீன், புகையிலை, அவன் வியர்வை. அந்த நரகத்தில் அவள் வேண்டி முகர்ந்தது அது ஒன்றைத்தான்.

பிறகு மீன்பிடித் தொழிலே போயிற்று. கப்பல்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், ஆலை மூடியது, கடையை இடித்தார்கள். ஸ்டான் அந்த ஆணிப்பலகையைத் தொப்பியோடு பெயர்த்துத் தன் கொட்டகையில் வைத்தார். “தொட மாட்டேன், யாரையும் தொட விடவும் மாட்டேன்” என்று டோரீனிடம் சொன்னார். சாகும் வரை தொடவில்லை. அதற்கப்புறம் பலகை எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. டோரீன் கேட்காத வீடில்லை.

கடை நின்ற இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த அடுக்குமாடி. லண்டன் பக்கத்து ஆட்கள் வாங்கிக் குடியிருக்கிறார்கள். கீழே ஒரு புது மதுக்கடை. பெயர் என்ன தெரியுமா? நாத்தக்கடை! பித்தளை எழுத்தில், விளக்குப் போட்டு. த்தூ! நாற்றத்தைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். பெயரை மாட்டிக்கொண்டது அவர்கள்.

போன மாதம் மேவிஸ் மூச்சிரைக்க வந்தாள். “அண்ணி, அந்தப் பலகை அங்கதான் இருக்கு! ஜன்னல் வழியாப் பார்த்தேன். ஓட்டையோட தொங்குது, எங்கண்ணன் தொப்பி!”

டோரீனுக்கு எண்பது ஆகப்போகிறது. இதயம் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சவப்பெட்டிக்கான உடுப்பைக்கூட மடித்து வைத்துவிட்டாள். குறை ஒன்றுதான்.

“கோட்ட எடு மேவிஸ்” என்றாள். “அவன் வர மாட்டான்னு இப்பவாவது நான் ஒத்துக்கணும். அவனுக்குக் குழி கிடையாது. அந்தத் தொப்பி என் பெட்டிக்குள்ள வரட்டும். அவன் வாசனையோட போயிடறேன்.”

புதுக் கடை வாசலில் பழக்கதோஷத்தில் ஒரு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டாள். உள்ளே போய் மூச்சை விட்டாள். லாவெண்டர் மணத்தது. மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி. ‘கடல்காற்று’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. எந்தக் கடல் இப்படி மணக்கிறதோ! கூரையில் ஒரு நாளும் மீன் காணாத வலை. தட்டுக்குப் பதிலாக ஒரு கல் பலகையில் மீன் தோலை வறுத்து வைத்திருந்தார்கள். நாங்கள் ஆலைக்கு வீசிய தோல் அது.

மேலாளர் பையன் ஜாஸ்பர், தாடியை நறுக்காக வெட்டிய இருபத்தைந்து வயதுக்காரன், இவள் யாரென்று மேவிஸ் சொன்னதும் உருகிவிட்டான். “அந்தக் கடையோட நிஜமான ஆளு! உக்காருங்க மேடம். எங்க சூப்ப டேஸ்ட் பண்ணுங்க, எங்க உபசாரம்.”

வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் டோரீன் இரண்டு வாய் குடித்தாள். வெண்ணெய் தொண்டையில் ஒட்டியது. கண் பலகையை விட்டு நகரவில்லை. “அந்தத் தொப்பி என் வீட்டுக்காரரோடது தம்பி. எனக்குக் குடுத்துடு.”

தகராறு வரும் என்று முஷ்டியை இறுக்கிக்கொண்டுதான் மேவிஸ் நின்றாள். பையனோ தானே போய் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். “உங்களோடதுதான் மேடம், எடுத்துக்கோங்க. என்ன கண்டிஷன்ல இருந்துச்சு தெரியுமா? ஒரே பிசுக்கு, அப்படி ஒரு வாடை! நாங்க விடலையே. மூணு தடவ துவைச்சு, மூலிகைத் தண்ணில ஊறவெச்சு எடுத்தோம். இப்பப் பாருங்க, புத்தம் புதுசு!”

டோரீன் தொப்பியை மூக்கில் வைத்தாள். உள்ளே திருப்பிப் பட்டையில் வைத்தாள். ஓட்டைக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தாள். லாவெண்டர். எங்கே திருப்பினாலும் லாவெண்டர். ஐஸ்லாந்துக் கடல் ஒரு முறை கழுவிக்கொண்டு போனது போதாதென்று இந்தச் சனியன்கள் மூன்று முறை கழுவியிருக்கிறார்கள்.

அத்தனை வருஷமும் அடுத்தவன் கக்கியதை அள்ளிய டோரீன், பளபளக்கும் அந்தத் தரையில், பையனின் தோல் செருப்பு நனைய வாந்தி எடுத்தாள்.

“ஐயோ! மாப்பு கொண்டாங்க யாராவது!” என்று ஜாஸ்பர் பின்வாங்கினான்.

மேவிஸ் பதறிப்போய்க் கைக்குட்டையை உருவினாள். டோரீன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தொப்பியை மேசைமேல், சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நீயே துடைடா” என்றாள். “பன்னி!”

மேவிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “அண்ணி! அந்த வார்த்தையப் போயி... ஐயையோ, ஏன் அண்ணி சொன்னீங்க?”

“சொன்னா என்னடி?” டோரீன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். “இனிமே மூழ்கறதுக்கு எனக்கு யாரு இருக்கா?”